ஞாயிறு ஒருநாள் எனக்கு

வாரத்தில் ஆறு நாட்கள் என் மிதிவண்டி என்னுடையதன்று. பதினொன்றாம் வகுப்பில் அரசு எனக்கு இலவசமாய் வழங்கிய வண்டிதான் அது. ஆனால் திங்கள் முதல் சனி வரை அதில் ஏறிக் கட்டட வேலைக்குச் செல்பவர் என் தந்தை. ஞாயிறு ஒருநாள் மட்டும் அது என் கைக்கு வரும். அன்று நான் சக்கரவர்த்தி!

காலை ஐந்தரை மணி. கதிரவன் இன்னும் கண் விழிக்கவில்லை. ஒழுகினசேரிப் பாலத்தில் வண்டியைச் சாய்த்து வைத்துப் பழையாற்றை எட்டிப் பார்ப்பதே என் முதல் வேலை. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் 1908-இல் பிறந்த ஊர் இது. இன்று ஆற்றில் தண்ணீரைவிட ஆகாயத்தாமரையே மிகுதி. கலைவாணர் வந்து பார்த்தால் என்ன சொல்லிச் சிரிக்க வைப்பாரோ!

வடசேரிப் பேருந்து நிலையம் எனக்கு முன்பே விழித்துவிட்டது. ஒரு பக்கம் திருநெல்வேலி என்று கூவுகிறார்கள்; மறுபக்கம் திருவனந்தபுரம் என்று கூவுகிறார்கள். 1956 நவம்பர் முதல் நாள் வரை நாம் அந்தத் திருவனந்தபுரத்தின் ஆட்சியில் இருந்தவர்கள்தாமே!

மணிமேடைக்கு வந்தால் எனக்கு எப்போதும் ஒரு வருத்தம். 1893-இல் எழுப்பிய அந்த மணிக்கூண்டை அன்று ஊரே அண்ணாந்து பார்த்திருக்கும். இன்று சுற்றிலும் மாடிக் கடைகள். அவற்றின் விளம்பரப் பலகைகளுக்கு நடுவே மணிக்கூண்டைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. 2019-இல் நம் நாகர்கோவில் மாநகராட்சி ஆகிவிட்டது அல்லவா!

வேப்பமூடு தாண்டிக் கோட்டாறு. கம்போளத்தில் மிளகாய் நெடியும் கருப்பட்டி மணமும் ஒன்றாய் வந்து மூக்கில் ஏறும். அங்கே மிதிப்பதை நிறுத்திவிட்டு வண்டியை அதன் போக்கில் விடுவேன். சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் பிறந்த இடலாக்குடியையும் கடந்துவிட்டால், சுசீந்திரம் சாலை.

இந்தச் சாலையில்தான் என் மிதிவண்டி வேகம் குறையும். கன்னிப்பூ, கும்பப்பூ என்று ஆண்டுக்கு இருபோகம் விளைந்த நாஞ்சில் மண் இது. 1906-இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையின் நீர் கால்வாய் கால்வாயாய் வந்து பாய்ந்த வயல்கள். நான் சிறுவனாய் இருந்தபோது என் தந்தை இங்கே ஒரு வயலில் அறுப்புக்கு வருவார். அந்தியில் கூலிநெல்லைத் தலையில் சுமந்துகொண்டு நடப்பார். பின்னால் அரிவாளைத் தூக்கிக்கொண்டு நான். அந்த வயலில் இப்போது நெல் இல்லை. செம்மண் அடித்து நிரப்பி, எல்லைக்கல் நட்டு, மனை மனையாய் விற்றுவிட்டார்கள். நான்கு வீடுகள் எழும்பிவிட்டன. ஐந்தாவதற்குச் சாந்து குழைப்பவர் என் தந்தை!

சென்ற ஆண்டு கல்லூரிக் கட்டுரைப் போட்டிக்கு நான் எழுதியது 'நாஞ்சில் நாட்டின் நெற்களஞ்சியம்'. வயலை அழித்தவர்களைச் சொல்லால் சுட்டெரித்திருந்தேன். இரண்டாம் பரிசும் கிடைத்தது. பெருமை பொங்க வீட்டில் படித்துக் காட்டினேன். தந்தை முழுவதும் கேட்டார்.

"நல்லா எழுதியிருக்கா மக்களே. ஆனா அந்த வயலு கெடந்தா ஒனக்கு பீஸு யாரு கட்டுவா? மெஷினு வந்த பொறவு அறுப்புக்கு என்னைய யாரு கூப்பிட்டா? கட்டட வேலைன்னா மாசம் இருவது நாளு உண்டு."

எனக்குப் பேச்சு எழவில்லை. சிறிது நேரம் கழித்து அவரே சொன்னார்: "லாரியில மண்ணு கொண்டு வந்து தட்டுன அன்னைக்கு மட்டும் நான் அந்தப் பக்கம் போவல்ல."

அந்தக் கட்டுரையை நான் இன்னும் கிழிக்கவில்லை. ஆனால் இப்போது எழுதினால் அப்படி எழுத மாட்டேன். எப்படி எழுதுவேன் என்பதும் தெரியவில்லை.

சுசீந்திரம் குளக்கரையை அடையும்போது வெளிச்சம் வந்துவிடும். தூரத்தில் தாணுமாலயன் கோயில் கோபுரம். இந்தக் குளத்தையும் தேரூர்க் குளத்தையும் சேர்த்து 2022-இல் ராம்சர் ஈரநிலமாக அறிவித்தார்கள். உலக வரைபடத்தில் எங்கள் குளம்! கூழைக்கடாக்கள் அதைப் பற்றிக் கவலைப்படாமல் மீன் பிடிக்கின்றன. கவிமணி பிறந்த தேரூர் வரை ஒருமுறை போய்விட்டுத் திரும்புவேன்.

வீட்டுக்குள் வண்டியை ஏற்றும்போது திண்ணையில் தந்தை தேநீர்க் குவளையுடன் அமர்ந்திருப்பார். எங்களுக்கு ஒரு சென்ட் வயல்கூட என்றும் இருந்ததில்லை. ஆயினும் ஒவ்வொரு ஞாயிறும் அவர் கேட்பது ஒன்றுதான்:

"கொளத்துல தண்ணி எவ்வளவு கெடக்கு மக்களே? மறுகால் பாயுமா?"