பென்னாகரத்துக் குழாய்நீரும் நம் வீட்டு வரியும்

தர்மபுரியிலிருந்து மேற்கே செல்லும் பேருந்தில் ஏறுகின்ற வெளியூரார் பெரும்பாலும் ஒகேனக்கல் அருவியை மனத்தில் வைத்தே ஏறுகின்றனர். இண்டூரைக் கடந்து, புளிய மரங்களையும் கேழ்வரகுக் கொல்லைகளையும் பார்த்துக்கொண்டே வந்தால் பென்னாகரம். அங்கே தேநீருக்காக இறங்குவோர் உண்டு; ஊரைப் பார்க்க இறங்குவோர் அரிது. அன்பு வாசகர்களே, இம்முறை என்னோடு நீங்களும் இங்கேயே இறங்கிவிடுங்கள். அருவி எங்கும் போய்விடாது.

நான் சென்றது நண்பர் வீட்டுத் திருமணத்திற்கு அழைப்புப் பெற்று. ஆனால் சட்டைப் பையில் அழைப்பிதழோடு எங்கள் வீட்டுச் சொத்துவரிச் சீட்டும் இருந்தது. புறப்படும் அவசரத்தில் எடுத்து வைக்க மறந்தது. எங்கள் ஊரின் பெயர் இங்கே வேண்டாம். உங்கள் ஊர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சாக்கடைக் கால்வாய் எங்கள் வீட்டிற்கு நான்கு வீடுகள் முன்னரே நின்றுவிட்டது. மழைக்காலத்தில் அந்நீரெல்லாம் எங்கள் வாசலில் வந்து தேங்கும். "கால்வாய் இல்லாத வீட்டிற்குக் கால்வாய் உள்ள வீட்டைப் போலவே வரி எதற்கு?" என்று என் மனைவி கேட்டாள். என்னிடம் விடை இல்லை. உங்களுள் பலரும் இக்கேள்வியைக் கேட்டிருப்பீர்கள்.

2022 ஏப்ரலில் தமிழக அரசு நகர்ப்புறச் சொத்துவரியை உயர்த்தியபோது இக்கேள்வி வீடுதோறும் எழுந்தது. சென்னைக்குக் கணக்கு வேறு. பேரூராட்சிகளிலும் நகராட்சிகளிலும் 600 சதுர அடி வரையுள்ள குடியிருப்புக்கு 25 விழுக்காடு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 விழுக்காடு என உயர்வு அறிவிக்கப்பட்டது. வரி வருவாயைப் பெருக்கினால்தான் மத்திய மானியம் கிடைக்கும் என்ற பதினைந்தாவது நிதிக்குழுவின் நிபந்தனையை அரசு காரணமாகக் கூறியது. தெருவில் விளக்கு எரிகின்றதா, குப்பை வண்டி வருகின்றதா என்பதற்கு அந்த விழுக்காட்டுக் கணக்கில் இடமில்லை. ஆயினும் அடிப்படை வரியை விதிக்கும்போது தெருக்களை மண்டலங்களாகப் பிரித்துச் சதுர அடிக்கு இவ்வளவு என்று மதிப்பு வைக்கின்றார்கள். கடைத்தெருவுக்கு ஒரு மதிப்பு, ஊரின் ஓரத்திற்கு வேறொன்று. ஆக, வசதியின் நிழல் வரியின்மீது சற்றே விழத்தான் செய்கின்றது. எங்கள் வாசலில் தேங்கும் நீருக்கு அந்த நிழல் போதுமா என்பது வேறு!

நண்பரின் தாயார் எழுபதைக் கடந்தவர். குடத்திலிருந்து ஒரு குவளைத் தண்ணீரை எடுத்துக் கொடுத்து, "குடியுங்கள் தம்பி, காவிரித் தண்ணீர்தான்" என்றார். சொல்லிச் சிரித்தவர் சட்டென்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பற்களில் பழுப்புக் கறை. அது வெற்றிலைக் கறையன்று. இம்மாவட்டத்துப் பாறைநிலத்தின் ஆழத்து நீரில் புளோரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட புளோரைடு உள்ள நீரைப் பல் முளைக்கும் பருவத்துப் பிள்ளைகள் தொடர்ந்து குடித்தால், எனாமல் கெட்டு நிரந்தரக் கறை படியும். அதிக அளவில் பல்லாண்டு குடித்தோரின் எலும்புகளும் மூட்டுகளும் இறுகிப்போகும். காய்ச்சினாலும் புளோரைடு போவதில்லை. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும்.

"பெண் பார்க்க வந்தபோது வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஊமையோ என்று கேட்டுவிட்டார்கள்" என்றார் அந்த அம்மா. மணப்பெண்ணான பேத்தி அருகில் நின்று பளிச்சென்று சிரித்தாள். அவளுக்குப் பல் முளைத்த காலத்தில் வீட்டில் கிணற்று நீரைக் குடிக்கக் கொடுக்கவில்லையாம். வெளியிலிருந்து நீர் வாங்கிக் கொடுத்தார்களாம். அது வாங்க முடிந்த வீடு. வாங்க முடியாத வீடுகளை எண்ணிப் பாருங்கள்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திற்கு 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2013-இல் அது தொடங்கி வைக்கப்பட்டது. செலவு ஏறத்தாழ 1,928 கோடி ரூபாய். அதில் பெரும் பங்கு ஜப்பானிய அரசு நிறுவனம் கொடுத்த கடன். ஒகேனக்கல்லில் எடுக்கப்படும் காவிரி நீர் யானைப்பள்ளத்தில் தூய்மை செய்யப்படுகின்றது. பின்னர் மேட்டுக்கு ஏற்றப்பட்டு, பென்னாகரத்தை அடுத்த மடம் என்னும் ஊரிலுள்ள பெருந்தொட்டியை அடைந்து, அங்கிருந்து தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குப் பிரிகின்றது. 3 நகராட்சிகளுக்கும் 17 பேரூராட்சிகளுக்கும் 18 ஊராட்சி ஒன்றியங்களின் சிற்றூர்களுக்கும் என வகுக்கப்பட்ட திட்டம் அது. ஓசூர் அன்று நகராட்சி, 2019-இல் மாநகராட்சியாயிற்று.

அந்தக் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெற்ற பணிக்கு ஏற்பவே வரி என்றால், இந்த அம்மா செலுத்திய வீட்டு வரியில் இந்நீர் வந்திருக்குமா? இவ்வூரார் அனைவரும் ஆயுள் முழுவதும் செலுத்திய வரியைக் கூட்டினாலும் 1,928 கோடியில் ஒரு மூலைக்குக் காணாது. அதுவுமன்றி, மடத்துத் தொட்டியின் அருகிலுள்ள வீட்டிற்கு நீர் செல்ல ஆகும் செலவு குறைவு. குழாயின் கடைசி முனையிலுள்ள குன்றோரச் சிற்றூருக்கு ஆகும் செலவே மிகுதி. தத்தம் செலவைத் தாமே தருக என்றால், மிகவும் எளியவர் மிகுதியாகத் தரவேண்டி வரும்.

இங்கிலாந்தில் ஒருமுறை இதைச் செய்து பார்த்தார்கள். உள்ளாட்சிப் பணிகளை எல்லாரும் பயன்படுத்துகின்றார்களே என்று, வீட்டு மதிப்பைப் பாராமல் வயதுவந்த ஒவ்வொருவர் தலைக்கும் ஓர் ஊரில் ஒரே தொகையைத் தாட்சர் அரசு விதித்தது. ஸ்காட்லாந்தில் 1989-இலும் இங்கிலாந்தில் 1990-இலும் வந்த அவ்வரியை எதிர்த்து லண்டன் வீதிகளில் கலகமே மூண்டது. 1993-இல் அதைக் கைவிட்டு, வீட்டு மதிப்பை ஒட்டிய வரிக்குத் திரும்பினார்கள்.

லுஹர் தொழுகைக்கு நண்பரோடு பள்ளிவாசல் சென்றேன். ஒளூச் செய்யும்போது இன்னொரு எண்ணம் வந்தது. பள்ளிவாசலோ கோயிலோ தேவாலயமோ, வழிபாட்டிடங்களுக்குச் சொத்துவரி கிடையாது. பள்ளிக்குச் சொந்தமான கடைகளுக்கு உண்டு, தொழுகையிடத்திற்கு இல்லை. ஆயினும் பள்ளிவாசல் முன்னுள்ள தெருவிளக்கு எரிகின்றது. இஷாவுக்கு வருவோர் அவ்வெளிச்சத்தில்தான் நடக்கின்றார்கள். பணிக்கேற்ற வரி என்று நாம் வாதாடினால், நம் ஜமாஅத்தும் அதற்கு விடை சொல்லவேண்டி வருமே!

அப்படியானால் கால்வாய் இல்லாத வீட்டுக்காரர் வாய்மூடி இருப்பதா? நான் அப்படிக் கருதவில்லை. 1954-இல் சிரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரியையும் கட்டணத்தையும் பிரித்துக் காட்டிற்று. வரி பொதுக் காரியத்திற்கானது. செலுத்தியவர் அதற்கு நேரான கைம்மாறு கோரவியலாது. கட்டணமோ குறிப்பிட்ட பணிக்காகப் பெறுவது. ஆகவே குழாய் இணைப்பு இல்லாத வீட்டில் குடிநீர்க் கட்டணம் கேட்டால் மறுப்பது நியாயம். சொத்துவரியில் மறுக்க இடமில்லை. ஆனால் அதன் கணக்கைக் கேட்க இடமுண்டு. பழைய 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டமே சொத்துவரிக்குள் பொதுக் காரியத்திற்கு, தண்ணீருக்கும் வடிகாலுக்கும், விளக்குக்கு எனப் பகுதிகளை வகுத்திருந்தது. இன்று நம் கையில் வரும் சீட்டிலும் எந்தப் பகுதி எங்கே போயிற்று என்று ஒரு வரி எழுதியிருந்தால் என் மனைவியின் கேள்விக்குப் பாதி விடை கிடைத்திருக்கும். மீதிப் பாதிக்கு, அடுத்த கால்வாய் எந்தத் தெருவுக்கு என்று முடிவு செய்யும்போது இதுவரை எதுவும் பெறாத தெருவை முதலில் வைக்கவேண்டும். வரியைக் குறைத்துக்கொண்டு கால்வாயை விட்டுக்கொடுத்தால், நீர் எங்கள் வாசலிலேயே நிற்கும்.

ஊர் திரும்பியதும் வரியைக் கட்டிவிட்டேன். அரையாண்டின் முதல் மாதத்திற்குள் கட்டினால் 5 விழுக்காடு தள்ளுபடி உண்டு, மறவாதீர்கள். ரசீதின் நகலை இணைத்து, கால்வாய் கேட்டு ஒரு மனுவும் எழுதினேன். அண்டை வீட்டார் ஒன்பது பேர் கையொப்பமிட்டார்கள். பத்தாமவர், "வரியே கட்டவில்லை, நான் எப்படிப் போடுவது?" என்று தயங்கினார். அவரையும் போடச் சொன்னேன்.

பென்னாகரத்தில் விடைபெறும்போது அந்த அம்மா ஒரு பாட்டிலில் காவிரி நீரை நிரப்பிக் கொடுத்தார். பேருந்து நிலையத்தில் ஒகேனக்கல் செல்லும் வண்டி நின்றுகொண்டிருந்தது. ஜன்னல் வழியே கை நீட்டி, இருபது ரூபாய்க்கு அடைத்த தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.