உண்மை நகல்

நகலை மூலத்தோடு ஒப்பிடுதல் மைய அரசு அலுவலகத்தில் நமது நாளாந்தப் பணி. தேவ்நாரில் நம் அண்டை வீட்டாரான நெல்லைச் சீமைக் கிறித்தவர் அதனாலேயே நம்மை நாடினார் போலும். விவிலியம் பலர் கைபட்டு மாறிய நூல் என்று கல்லூரியில் பயிலும் மகன் சொன்னதிலிருந்து தந்தையும் மகனும் பேசிக்கொள்வதில்லை. "அண்ணாச்சி, நீங்கள் சைவர், பக்கம் சாராமல் சொல்லுங்கள்" என்றார்.

மகன் கூற்றில் உண்மை உண்டு. உயிர்த்தெழுந்தவர் காட்சியளித்ததைக் கூறும் மாற்கு நற்செய்தியின் இறுதி 12 வசனங்கள், 4ஆம் நூற்றாண்டுச் சுவடிகள் இரண்டில் இல்லை. இதனை ஆய்ந்து உரைத்தோர் பெரும்பாலும் கிறித்தவ அறிஞரே அன்றோ! உ. வே. சாமிநாதையர் 1887இல் பதிப்பித்த சிந்தாமணியிலும் பாடபேதங்கள் உண்டு. அதனால் அந்நூலை எவரும் தள்ளிவிடவில்லை. 1947இல் சாக்கடல் அருகே கிடைத்த ஏசாயா சுவடி, அதுவரை அறிந்த எபிரேயப் படிகளினும் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு மூத்தது. சிறு வேறுபாடுகள் பல இருந்தும் நூல் அதே நூல்தான். தமிழிலோ, 1715இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சிட்ட புதிய ஏற்பாட்டிற்குப் பின் மொழிபெயர்ப்பு பன்முறை திருந்தியது. பெர்சிவல் பாதிரியாரின் திருத்தப் பணிக்குத் துணைநின்றவர் யாழ்ப்பாணத்துச் சைவராகிய ஆறுமுக நாவலர்!

ஆயினும், 'உண்மை நகல்' என முத்திரையிடுவோர் மூலத்தில் உள்ள செய்தி மெய்யென்று சான்று தருவதில்லை. இங்கு மூலமே எவரிடமும் இல்லை. கல்லறை வெறுமையாயிருந்ததா என்பதைச் சுவடி ஒப்பீடு தீர்க்காது. இதையே இருவரிடமும் கூறினோம். தந்தைக்கு நிறைவில்லை. மகன் மட்டும், அந்த 12 வசனங்களை எடுத்துக் காட்டுமாறு தந்தையிடம் கேட்டான்.