பனைக்குக் கீழே ஓர் அடுப்பு

பனை ஏறும் கருவியை உருவாக்குவோருக்குப் பரிசு தரப்போவதாக அரசு அறிவித்த செய்திதான் என்னைக் கிளப்பியது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் முதல் தனி வேளாண் நிதிநிலை அறிக்கை வந்தபோது பனைக்கென்று ஓர் இயக்கம் அறிவிக்கப்பட்டது. முப்பது மாவட்டங்களில் 76 லட்சம் விதை, ஒரு லட்சம் கன்று. பனையை வெட்ட வேண்டுமானால் ஆட்சியரின் அனுமதி. கருவிக்கான பரிசு அதன் பின்னால் வந்தது. அதைப் பற்றி ஏறுகிறவர் என்ன நினைக்கிறார் என்று கேட்க ஆசைப்பட்டு, குமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கத்து நண்பர் ஒருவரிடம் சொல்லி வைத்தேன்.

"ஏறுகவங்கள எல்லாரும் போட்டோ எடுத்தாச்சு. எங்க மாமி வீட்டுக்கு வாங்க. மாமா ஏறுவாரு, மாமி காய்ச்சுவாங்க. நீங்க மாமிகிட்ட பேசுங்க" என்றார்.

கருங்கல்லுக்கும் திங்கள்நகருக்கும் நடுவே, செம்மண் சரிவில் இருந்தது அந்த விளை. அரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூடும். நடுவில் ஓட்டு வீடு, கிணறு, தெற்கே மரச்சீனி, இரண்டு பலா, கட்டிப்போட்ட ஆடு. நான்கு புறமும் மண் கய்யாலை, அதன் மேல் வரிசையாகப் பனை. மேற்கே அடுத்தவர் விளையில் ரப்பர். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி அடித்த அன்று அந்த ரப்பரில் பாதி வேரோடு சரிந்ததையும், கய்யாலையில் நின்ற பனையில் ஒன்றுகூடச் சாயாததையும் நண்பர் நடந்துகொண்டே சொன்னார். நான் போனது பங்குனிக் கடைசி. மதுரை, வேலூர் போல இங்கே வெயில் நாற்பதைத் தொடாது. ஆனால் கடல் அருகில் இருப்பதால் காற்றில் ஈரம் நிற்கும். நிழலில் உட்கார்ந்தாலும் சட்டை முதுகில் ஒட்டும்.

மாமா விடியும் முன்பே ஏறி, நாங்கள் போகும்போது பாதி மரங்களை முடித்திருந்தார். முருக்குத்தடி, காலில் திளாப்பு, இடுப்பில் அருவாப்பெட்டி. ஆண் மரமான அலகுப்பனையின் பாளையைக் கடிப்பால் எப்படி இடுக்குவது, பெண் மரமான பருவப்பனைக்கு அந்தக் கடிப்பு ஏன் மாறுகிறது என்று பொறுமையாக விளக்கினார். பாதிக்கு மேல் எனக்குப் பிடிபடவில்லை. அதை மரத்தின் மேலேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். கருவியைப் பற்றிக் கேட்டதற்கு, "ஏறுகதுக்கு மெசினு வரட்டும். பாளை சீவ கை வேணும்லா?" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பனைக்குப் போனார்.

பதில் அடுப்படியிலிருந்து வந்தது. "மெசினு வந்தா இன்னும் பத்துப் பன கூடுதலா ஏறலாம். சரி. அந்த அக்கானிய யாரு காய்ச்ச?"

பல வருடமாகப் பனையைப் பற்றிப் படித்துவருகிறேன். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை.

பதநீரை இங்கே அக்கானி என்பார்கள். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு பூசியிருந்தால்தான் அது அக்கானி, இல்லாவிட்டால் கள்ளாகும். சுண்ணாம்பு இருந்தாலும் வெயில் ஏற ஏறப் புளிப்பு எட்டிப் பார்க்கும். அதனால் காலையில் இறங்கிய அக்கானி எட்டு மணிக்குள் அடுப்பில் ஏறிவிட வேண்டும். மாமி அதிகாலை மூன்றரைக்கு எழுகிறார். கிணற்றில் தண்ணீர் இறைத்து, ஆட்டுக்குக் குழை போட்டு, கஞ்சிக்கு அரிசி இட்டு, முந்தின நாள் சிரட்டையில் ஊற்றி வைத்த கருப்பட்டியைத் தட்டி எடுத்து, சிரட்டைகளைக் கழுவித் தண்ணீரில் போடுகிறார். இது முடிவதற்குள் முதல் குடம் வந்துவிடுகிறது.

சில்லாட்டை எனப்படும் பன்னாடையில் வடித்து, சுண்ணாம்பு அடியில் தங்கும்வரை கொஞ்ச நேரம் விட்டு, தெளிந்ததை மட்டும் பாத்திரத்தில் ஊற்றினார். முன்பு பெரிய மண்பானை. இப்போது வாயகன்ற அலுமினியப் பாத்திரம். தென்னை ஓலையைக் கொளுத்தி அடுப்பு மூட்டினார். அதன்பின் நான் எதிர்பார்த்தது ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் இந்த வேலை. பத்து லிட்டர் அக்கானி ஏறத்தாழ ஒரு கிலோ கருப்பட்டி ஆகும். அதாவது ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்பது லிட்டர் தண்ணீரை ஆவியாக்கி விரட்ட வேண்டும். தீ தணிந்தால் நேரம் இழுக்கும், நேரம் இழுத்தால் நிறம் கறுக்கும். தீ மிஞ்சினால் பொங்கி வழியும். பொங்கும்போது அரைத்த ஆமணக்கு முத்தைக் கிள்ளிப் போட்டார். நுரை உடனே அடங்கியது. அந்த ஒரு கிள்ளில் அளவு கூடினால் கருப்பட்டி சரியாக உறையாது என்கிறார். எவ்வளவு என்று கேட்டால் விரலைக் காட்டுகிறார்.

பத்து மணிக்கு வெயில் அடுப்படியின் தகரக் கூரையில் இறங்கியது. உள்ளே எவ்வளவு சூடு என்று அளக்க என்னிடம் கருவி இல்லை. அடுப்பிலிருந்து மூன்று அடி தள்ளி, கதவோரத்தில்தான் நின்றேன். கண் எரிந்தது. முழங்கை மயிர் கருகும் வாசம் வந்தது. அவர் அடுப்பின் வாய்க்கு நேரே குத்தவைத்து, ரப்பர்க் கட்டையை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். இரண்டு கையிலும் மணிக்கட்டு முதல் முட்டிவரை சிறு சிறு வெள்ளைத் தழும்புகள். கொதிக்கும் பாகு தெறித்த இடங்கள்.

"அவரு ரெண்டு தடவ பனையிலேருந்து விழுந்தாரு. தோள்பட்ட ஒடிஞ்சுது. ஊரே வந்து பாத்துது. பாகு தெறிச்ச கையப் பாக்க எவரு வந்தாவ?" இதைச் சொன்ன குரலில் கோபமே இல்லை. விறகைத் தள்ளிக்கொண்டேதான் சொன்னார்.

பத்தொன்பது வயதில் இந்த விளைக்கு வந்தவர். பிறந்த வீட்டிலும் அம்மை அக்கானி காய்ச்சியவர்தான். அக்காள் தங்கை நான்கு பேரில், அடுப்பில்லாத வீட்டுக்குப் போக வேண்டும் என்று மூவர் அடம்பிடித்தார்கள், போனார்கள். இவருக்கு மட்டும் பனை ஏறுகிற மாப்பிள்ளை. பனைத்தொழில் அழிவதற்கு மரத்தின் உயரத்தையும் விழுந்து சாகும் பயத்தையும் காரணம் சொல்லி நாம் எழுதிக்கொண்டே இருக்கிறோம். இந்தப் பக்கத்து ஊர்களில் பனையேறிக்குப் பெண் கிடைப்பதில்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும். பெண்கள் மறுப்பது எதை? மாப்பிள்ளை மரம் ஏறுவதை மட்டுமா? மாசி முதல் ஆடி வரை, ஆண்டின் மிகக் கொடிய வெயிலில், நாள் தவறாமல் ஆறு மணி நேரம் தீயின் முன் உட்காருவதையும் சேர்த்துத்தான் மறுக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கும் விடுமுறை கிடையாது, பாளை ஊறாமல் இருக்காது. குருத்தோலை ஞாயிறன்று இவர் காலை ஐந்து மணி ஆராதனைக்குப் போய்விட்டு ஓடி வந்து அடுப்பு மூட்டுவாராம்.

திருவிதாங்கூர் அரசு ஏறும் தளைக்கும் ஏணிக்கும்கூட வரி போட்டது. தமிழ்நாடு அரசு ஏறும் கருவிக்குப் பரிசு அறிவித்தது. அன்றைக்கும் இன்றைக்கும் ஆட்சியின் கண் மரத்தின் மேல்தான் இருக்கிறது. பாளையில் சொட்டுவது சில மணி நேரத்தில் கெட்டுப்போகும் நீர். அதை மழைக்காலம்வரை நிற்கும் பண்டமாக்குவது அடுப்பு. அந்த அடுப்பில் நிற்பவளுக்குக் கூலி இல்லை. கணக்குப் போடும்போது "வீட்டு வேலை" என்று ஒதுக்கிவிடுகிறோம்.

கணக்கை நான் அங்கேயே எழுதிப் பார்த்தேன். இவர்கள் ஏறுகிற பனைகளில் பாதிதான் சொந்தம். மீதி மரங்களில் முறை: ஒரு நாள் அக்கானி ஏறுகிறவருக்கு, மறுநாள் மரத்துக்காரருக்கு. பாதி மரத்தின் பாதி நாள் உழைப்பு இப்படியே போகிறது. அடுத்தது விறகு. முன்பெல்லாம் கய்யாலையோரம் விழுந்த ஓலை, மட்டை, கொதும்பு, அக்கம்பக்கத்து விளைகளில் பொறுக்கிய சுள்ளி என்று விலையில்லாமல் கிடைத்தது. இப்போது அக்கம்பக்கமெல்லாம் மதில், விறகு விலைக்கு. கேஸ் அடுப்பு இருக்கிறதே என்றேன். நாளைக்கு நாலு கிலோ காய்ச்சினால் வீட்டு சிலிண்டர் நாலு நாள் தாங்காது என்றார். ஏற்கெனவே காய்ச்சிப் பார்த்திருக்கிறார்.

இவ்வளவையும் தாண்டி வரும் கருப்பட்டிக்கு விலை வைப்பவர் வேறொருவர். மழை மாதங்களில், பாளை இல்லாதபோது, கையில் காசில்லாதபோது, வியாபாரி வந்து முன்பணம் கொடுப்பார். கொடுக்கும்போதே அடுத்த கோடையின் விலையும் முடிவாகிவிடும். சந்தையில் விலை ஏறினாலும் முன்பணம் வாங்கியவருக்கு ஏறாது. அதே வியாபாரியின் கிடங்கில் இந்தக் கருப்பட்டியோடு சீனிக் கருப்பட்டியும் அடுக்கப்படும். கிலோ நாற்பது ரூபாய் சுற்றும் வெள்ளைச் சீனியைக் காய்ச்சி, கழிவுப்பாகில் நிறம் ஏற்றி, சிரட்டையில் ஊற்றினால் அதுவும் பார்க்க அப்படியே இருக்கும். பிள்ளை பெற்றவளுக்கு மருந்து கிண்டவும், காய்ச்சலுக்குச் சுக்குக் காப்பி போடவும் மக்கள் நம்பி வாங்கிப் போவது இதைத்தான். குழந்தைக்கு நல்லது என்று நினைத்துத் தாய் கொடுப்பது வெறும் சீனி. ஏமாற்றுவது வாங்குகிறவரை மட்டுமல்ல. நாற்பது ரூபாய்ச் சரக்கை நூற்றைம்பதுக்கு விற்கும் கடை, "கருப்பட்டி விலை இவ்வளவுதான்" என்று ஊருக்குக் கற்றுக்கொடுத்துவிடுகிறது. அதன்பின் உண்மைக் கருப்பட்டிக்காரி இரட்டிப்பு விலை கேட்டால் அவள் கொள்ளைக்காரி ஆகிறாள். தீயில் நின்றவளைப் பார்த்து, நிழலில் இருந்து கலப்படம் செய்தவனின் விலைக்குக் கொடு என்று பேரம் பேசுகிறோம். இதில் நாமும், நானும், பங்காளிகள். திங்கள்சந்தையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கும் ஒவ்வொரு சிரட்டையும் இந்த அடுப்பில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுகிறது.

மார்த்தாண்டத்தில் பனைத்தொழிலாளர் மேம்பாட்டு நிறுவனம் 1970களின் பிற்பகுதியில் இவர்களுக்காகவே தொடங்கப்பட்டது. கூட்டுறவுச் சங்கங்களும் இருந்தன. அவை தளர்ந்த இடங்களில் முன்பணம் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது.

மதியத்துக்கு மேல் பாகு மாறத் தொடங்கியது. மேலே சின்னதாய் எழுந்த குமிழிகள் பெரிதாகி மெதுவாக உடைந்தன. இந்த நிலையில் எடுத்தால் கூப்பனி. அதை ஒரு போத்தலில் பேரனுக்கென்று எடுத்து வைத்தார். பிறகு மாமி பேசவில்லை. யாரையும் பேச விடவுமில்லை. துடுப்பால் அடியைத் தொட்டுத் தொட்டுக் கிளறினார். சிரட்டைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் உருட்டிப் பார்த்தார். கரைந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி ஒரு சொட்டு. உருண்டையாக நின்றது. "இறக்கு" என்றதும் மாமா பாத்திரத்தின் ஒரு பக்கமும் நண்பர் மறுபக்கமும் பிடித்தார்கள். மேலே ஏறும்போது மாமா சொன்னது சட்டம். இங்கே அவர் கையாள். இறக்கிய பின்பும் கிளறல் நிற்கவில்லை. நிறம் மங்கி, பாகு இறுகத் தொடங்கும் அந்தச் சிறு இடைவெளியில்தான் ஊற்ற வேண்டும். முந்தினால் உறையாது, பிந்தினால் பாத்திரத்திலேயே கல்லாகிவிடும். வரிசையாக வைத்த ஈரச் சிரட்டைகளில் சிந்தாமல் ஊற்றி முடித்தார். வழித்த மிச்சத்தை ஓலைக் கீற்றில் சுருட்டி என்னிடம் நீட்டி, "தின்னு மக்களே, நாள் முழுக்க நின்னியே" என்றார்.

கஞ்சியும் பயறும் கருவாடும் சாப்பிடும்போது மணி மூன்று. சாப்பாட்டின் நடுவே மேற்கே வானம் இருண்டது. ஊரெல்லாம் கோடை மழைக்குக் காத்திருக்கும் மாதம் அது. கிணறுகளில் தண்ணீர் இறங்கிவிட்டது, மரச்சீனி வாடுகிறது. மாமி தட்டை வைத்துவிட்டு விறகை மூடத் தார்ப்பாய் தேடிப் போனார். மழை கலயத்தில் விழுந்தால் அக்கானி நீர்த்துப்போகும். அதே கருப்பட்டிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் எரிக்க வேண்டும், நனைந்த விறகை வைத்து. ஒரே மழையில் கிணற்றுக்கு வரவும் அடுப்புக்குச் செலவும் இந்த விளையில் சேர்ந்தே வருகின்றன. அன்று தூறலோடு நின்றது.

முன்னேற்றம் ஒன்றுமே இல்லையா என்று கேட்டேன். இருக்கிறது என்று விரல் விட்டு எண்ணினார். மூத்தவள் செவிலியர் படிப்பு முடித்துத் திருவனந்தபுரத்தில் வேலையில் இருக்கிறாள். அந்தப் படிப்பின் முதல் இரண்டு வருடக் கட்டணம் கருப்பட்டியில் போனது. இரண்டு கோடையாக முன்பணம் வாங்கவில்லை. மகள் தன்னுடன் வேலை செய்பவர்களிடம் சொல்லி, கிலோக் கணக்கில் நேராக விற்றுக் கொடுக்கிறாள். பார்சல் அட்டைப்பெட்டியில் போகிறது, பணம் போனில் வருகிறது. மொத்தச் சரக்கில் கால் பங்குதான் இப்படிப் போகிறது. மீதி இன்னும் சந்தைக்குத்தான். ஆனால் அந்தக் கால் பங்குக்குக் கிடைக்கும் விலையைக் காட்டி மீதிக்குப் பேரம் பேச முடிகிறது.

இந்த ஆடியில் பாளை நின்றதும் அடுப்பை இடித்துக் கட்டப் போகிறார். புகைபோக்கி வைத்து, விறகு தள்ளும் வாயைச் சுவருக்கு வெளிப்புறம் திருப்பி. அப்படிக் கட்டினால் தீ ஒரு பக்கமும் ஆள் ஒரு பக்கமும் இருக்கலாம். மணவாளக்குறிச்சிப் பக்கம் ஒரு வீட்டில் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். கொத்தனார் கேட்கும் கூலி, செங்கல், குழாய் எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும் என்று மகள் ஒரு தாளில் எழுதித் தந்திருந்தாள். தாளை என்னிடம் காட்டி, குழாய்க்குப் போட்ட விலை சரியா என்று கேட்டார். நண்பர் தக்கலையில் ஒரு கடையில் விசாரித்துச் சொல்வதாக ஏற்றுக்கொண்டார். நானும் வரப்போகிற பார்சலுக்கு ஐந்து கிலோ சொல்லிவிட்டு, விலையைக் குறைத்துக் கேட்காமல் பணம் கொடுத்தேன்.