சேறு உதிரணும்

என்னோடு படித்த நண்பன் ஒருவன் சென்னையில் இருக்கிறான். சம்பளத்தில் பாதியை ஜீப்புக்கே கொட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் நான்கு நண்பர்கள் சேர்ந்து அதைப் பிரித்துப் போடுவார்கள். உயரம் கூட்டினார்கள். முன்னால் வின்ச் மாட்டினார்கள். பாளம் பாளமாகப் பல் வைத்த மட் டயர் போட்டார்கள். ஆற்றில் இறங்கினாலும் இன்ஜினுக்குக் காற்று போகவேண்டுமாம், அதற்கு ஒரு குழாயைக் கூரை வரைக்கும் ஏற்றினார்கள். 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தில் 52ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது, பதிவுப் புத்தகத்தில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது என்று ஒருமுறை சொல்லி வைத்தேன். ஆறு மாதம் என்னோடு பேசவில்லை.

போன புரட்டாசியில் ஜீப்போடு தஞ்சாவூர் வந்தான். ஏலகிரி, கொல்லிமலை எல்லாம் ஏறி இறங்கியாகிவிட்டது, சமதரையில் இந்த வண்டிக்கு என்ன வேலை என்று அலட்டிக்கொண்டே சாலியமங்கலம் தாண்டி எங்கள் சித்தப்பா வயலுக்கு வந்து சேர்ந்தோம். குறுவை அறுத்த வயல். தாளடிக்குத் தண்ணீர் வைத்து மூன்று நாள் ஆகியிருந்தது.

“எறங்காதீங்கடா, செயின் வண்டி அறுத்த வயலு. பள்ளம் கெடக்கு” என்றார் சித்தப்பா. செயின் வண்டி என்றால் டயருக்குப் பதில் பெல்ட்டில் ஓடுகிற அறுவடை இயந்திரம்.

நண்பன் சிரித்துக்கொண்டே நாலு வீல் டிரைவ் கம்பியை இழுத்துப் போட்டான். டயரில் காற்றைக்கூடக் குறைத்துக்கொண்டான். மணலிலும் சேற்றிலும் அப்படித்தான் செய்யவேண்டும் என்று படித்திருக்கிறான். ஜீப் இருபதடி போனது. அதற்குமேல் நான்கு சக்கரமும் சுற்றின, வண்டி மட்டும் நகரவில்லை. அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பல் எல்லாம் களிமண்ணால் அடைந்து, டயர் உருண்டை உருண்டையாக, கழுவி வைத்த அம்மிக்குழவி மாதிரி வழவழவென்று ஆகிவிட்டது. வின்ச் இருந்தது. கம்பியைக் கட்ட மரம்தான் இல்லை. டெல்டா வயலில் நடுவே யார் மரம் வைப்பார்கள்?

அடுத்த வயலில் சேறடித்துக்கொண்டிருந்த டிராக்டர்தான் வந்து இழுத்தது. நாலு வீல் டிரைவ்கூட இல்லை, பின்சக்கரம் மட்டும் இழுக்கிற பழைய வண்டி. எடையிலும் ஜீப்புக்கு முன்னே பின்னேதான். ஆனால் அதன் பின்டயர் இரண்டுக்கும் வெளிப்பக்கத்தில் ஆள் மார்பு உயரத்துக்கு ஒரு இரும்புக் கூண்டு. அதைத்தான் கேஜ் வீல் என்கிறார்கள். கோழியை மூடுகிற பஞ்சாரத்தைச் செங்குத்தாக நிறுத்தினால் எப்படி இருக்கும், அப்படி. கயிறு கட்டி ஒரே இழுவை. ஜீப் ‘பொளக்’ என்று வெளியே வந்தது. நண்பன் நன்றி சொல்லப் போகவில்லை. கூண்டின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டான்.

“இதை யாரு செஞ்சது?”

டிரைவர் கையைக் காட்டிய திசையில், அம்மாபேட்டைக்கு அந்தப்பக்கம், தகரக்கொட்டகை போட்ட பட்டறை ஒன்று இருந்தது. அடுத்த மூன்று நாள் நாங்கள் அங்கேதான் கிடந்தோம்.

பட்டறைக்காரருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். இடது காலை லேசாக இழுத்து நடப்பார். எல் ஆங்கிளை வெட்டுவது, பட்டையை வளைத்து வளையமாக்குவது, ஊதி ஒட்டுவது இதெல்லாம் நான் பார்த்தேன், எழுதுமளவுக்குப் புரியவில்லை. பாதி நேரம் வெல்டிங் ஒளிக்குக் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். என் கண்ணை இழுத்தது அவர் வேட்டி மடிப்பில் செருகியிருந்த ஒரு மூங்கில் குச்சி. ஒன்றரை முழம் இருக்கும். அதில் கத்தியால் கீறிய கோடுகள். ஒன்றுக்கொன்று சமதூரம் இல்லை, ஆகவே அளவுகோல் இல்லை.

“இது வெண்ணாத்துக் கரை. இது நீடாமங்கலம். இது ஒரத்தநாட்டுக்குத் தெக்க” என்று கட்டைவிரலால் தடவிக் காட்டினார். கூண்டில் இரண்டு பற்களுக்கு நடுவே எவ்வளவு இடம் விடவேண்டும் என்பதற்கான குறிகள் அவை.

“பிடிமானம் வேணும்னா பல்லை நெருக்கமா வைக்கணும், இல்லையாண்ணே?” என்றான் நண்பன். மட் டயர் வாங்கியவனின் அறிவு அது.

“நெருக்கி வச்சா சேறு உள்ள உக்காந்துக்கும் தம்பி. அப்புறம் அது சக்கரம் இல்ல, உருளை. சேத்தைப் பிடிக்கிறது எல்லாச் சக்கரமும் பிடிக்கும். பிடிச்ச சேத்தை விடணும். உதிரணும்.”

களி கூடக்கூட இடைவெளியும் கூடவேண்டுமாம். பழைய டெல்டாவின் ஒட்டுக்களிக்கு ஒரு குறி. 1934இல் கல்லணைக் கால்வாய் வெட்டிய பிறகு பாசனத்துக்கு வந்த ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்து மணல் கலந்த மண்ணுக்கு வேறு குறி. பல்லைக் குறுக்கே நேராக வைக்கக்கூடாது, கொஞ்சம் சாய்க்க வேண்டும். நேராக வைத்தால் ஒவ்வொரு பல்லுக்கும் வண்டி தூக்கித் தூக்கிப் போடும். சாய்த்தால் ஒரு பல் மண்ணை விடுமுன் அடுத்தது ஊன்றிவிடும். சேறும் பக்கவாட்டில் வழிந்து போகும்.

சேற்றில் வண்டி எதன்மேல் ஓடுகிறது என்பதையே நாங்கள் தப்பாக நினைத்திருந்தோம். நெல்வயலுக்குக் கீழே ஒரு தளம் உண்டு. தலைமுறை தலைமுறையாகத் தண்ணீர் கட்டி, உழுது, மிதித்து, ஒரு சாணுக்குக் கொஞ்சம் முன்பின்னான ஆழத்தில் மண் இறுகிப்போய்க் கிடக்கிறது. விட்ட தண்ணீர் கீழே இறங்கிவிடாமல் வயலில் நிற்பதற்குக் காரணமும் அதுதான். கேஜ் வீல் மேலே உள்ள குழம்பைக் கிழித்துக்கொண்டு போய் அந்தத் தளத்தைத் தொட்டு ஊன்றுகிறது. ஜீப்போ குழம்பிலேயே காலை உதைத்துக்கொண்டிருந்தது. கனத்த இயந்திரங்கள் ஈரத்தில் இறங்கி அந்தத் தளத்தை உடைத்துவிட்டால் அந்த இடத்தில் கேஜ் வீலும் முழுகும். சித்தப்பா சொன்ன பள்ளம் அப்படிப்பட்டது.

“எங்கப்பாகிட்ட உம்பளச்சேரி மாடு இருந்துச்சு” என்றார் பெரியவர், கேட்காமலே. கொம்பைத் தீய்த்துவிட்ட மொட்டை மாடு. குட்டைக் கால், இறுகிய குளம்பு, ஆழச் சேற்றிலும் அடி தவறாத நடை. டெல்டாவின் கடைமடை இந்தச் சேற்றுக்கென்றே வளர்த்தெடுத்த மாடு அது. கால் ஊன்றும்போது குளம்பு விரியும், எடுக்கும்போது சுருங்கிச் சேற்றை விட்டுவிடும் என்று சொல்லி, உள்ளங்கையை விரித்துச் சுருக்கிக் காட்டினார். அன்று ராத்திரி நண்பன் அந்தச் சைகையை எனக்குப் பத்துத் தடவையாவது செய்து காட்டியிருப்பான்.

அந்த மாட்டின் இடத்துக்கு இயந்திரம் வந்த கதை தனி. பேக்கேஜ் திட்டம் என்று எங்கள் தாத்தாக்கள் சொல்கிற தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் 1960களின் தொடக்கத்தில் தஞ்சைக்கு வந்தது. சென்னையில் டிராக்டர் செய்கிற டாஃபே கம்பெனி தொடங்கியதும் 1960இல்தான். உரமும் குட்டைரக நெல்லும் முதலில் வந்தன. டிராக்டர் மெல்லத்தான் வந்தது. சேற்றில் அது மாட்டுக்கு ஈடுகொடுக்கவில்லை. ஈடுகொடுக்க வைத்தது இந்த மாதிரிக் கொட்டகைகள்.

பட்டறைப் பெரியவரும் முன்பு டிராக்டர் டிரைவராக இருந்தவர். இருபத்தைந்து வயதில் ஒருநாள் பின்சக்கரம் புதைந்துவிட்டது. எல்லோரும் செய்வதைத்தான் செய்தார்: ஒரு மரக்கட்டையைச் சக்கரத்துக்குக் குறுக்கே சங்கிலியால் கட்டி ஆக்சிலேட்டரை அழுத்தினார். சக்கரம் திரும்ப முடியாவிட்டால் இன்ஜினின் பலம் எங்கே போகும்? அச்சைச் சுற்றி வண்டியின் உடம்பே திரும்பும். முன்பக்கம் எழும்பியது. குதிரை முன்னங்காலைத் தூக்குகிற மாதிரி என்று அவர் சொல்லவில்லை, “வானம் தெரிஞ்சுச்சு” என்றார். சேறு மெத்தென்று இருந்ததால் கால் மட்டும் போனது. இப்போது நாலு வீல் டிரைவ் டிராக்டர்கள் வயலில் நிறையத் தெரிகின்றன. முன்சக்கரமும் இழுப்பதால் அவை அவ்வளவு சுலபத்தில் புதைவதில்லை என்பது அவருக்குச் சந்தோஷம்தான். தன் பிழைப்புக்கு அது நல்லதில்லை என்றும் அவருக்குத் தெரியும்.

கூலி பற்றிக் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. ஒரு ஜோடிக்கு அவருக்குக் கிடைப்பதையும், அதே ஜோடி நீலப் பெயிண்ட் அடித்துக்கொண்டு நகரத்துக் கடை வாசலில் நிற்கும்போது அதன் விலையையும் ஒப்பிட்டால் யாருக்கும் ரத்தம் கொதிக்கும். பெயிண்டுக்கா இத்தனை பணம்? எந்த மண்ணுக்கு எந்தப் பல் என்று அந்தக் கடைக்காரருக்குத் தெரியுமா? தை மாதம் ஆத்தூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் அறுப்பு வண்டிகள் வந்து இறங்கும்போதும் இதே கதை. வண்டிக்காரனும் விவசாயியும் நேரே பேசிக்கொள்ள முடியாது; நடுவில் மோட்டார்சைக்கிளில் வருகிற ஒருவருக்கு மணிக்கு இவ்வளவு என்று போகும். மழை வருமோ என்கிற பயம்தான் அவருடைய முதலீடு. விதைக்கிறவன் கையில் ஒன்றும் இல்லை, இரும்பை வளைக்கிறவன் கையில் ஒன்றும் இல்லை, நடுவில் நிற்பவன் மட்டும்—

“அந்தக் கடைக்காரருதான் தம்பி சித்திரையில கடனுக்கு ஆங்கிள் போடுறாரு” என்றார் பெரியவர். “சித்திரையில யாரு வேலை குடுக்குறா? மேட்டூர் தொறந்தாத்தான் இங்க அடுப்பு. ஜூன் பன்னெண்டுன்னு பேரு. 2024ல ஜூலைக் கடைசிலதான் தொறந்தான். அதுவரைக்கும் அவரு காசு கேக்கல.”

நான் நோட்டை மூடி வைத்தேன்.

மூன்றாம் நாள் ஒரு ஜோடி தயாரானது. டிராக்டர்காரர், அவருடைய மச்சான், நண்பன், நான் நால்வரும் உருட்டிப் போய்த் தூக்கிப் பிடித்தோம். பின்சக்கரத்தின் எட்டு போல்ட்டையும் நண்பன்தான் முடுக்கினான், சென்னை ஞாயிற்றுக்கிழமைகளின் கைப்பழக்கம். டயரை வைத்துக்கொண்டு வெளியே மாட்டுகிற இதற்கு ஆஃப் கேஜ் என்று பெயர். டயரையே கழற்றிவிட்டு மாட்டுவது ஃபுல் கேஜ். ஃபுல் கேஜோடு தார்ச்சாலையில் ஏறினால் ஒவ்வொரு பல்லும் சாலையில் ஒரு வெட்டு வெட்டும். ஏறக்கூடாது என்று பருவத்துக்குப் பருவம் எச்சரிக்கை வருகிறது, ஏறத்தான் செய்கிறார்கள். எங்கள் கண்ணெதிரே ஒரு ஃபுல் கேஜ் வண்டி சாலையைக் குறுக்கே கடந்தது. இரண்டு பையன்கள் பழைய டயர்த் துண்டுகளை முன்னால் போட்டு, சக்கரம் தாண்டியதும் பின்னாலிருந்து எடுத்து மறுபடி முன்னால் போட்டு, ஊர்வலத்துக்கு நடைபாவாடை விரிக்கிற மாதிரி கூட்டிக்கொண்டு போனார்கள். ஒரு டவுன் பஸ் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தது.

புதுச் சக்கரம் வயலில் இறங்கியது. பெரியவர் வரப்பில் நின்று டிரைவரைப் பார்க்கவில்லை, ஏரைப் பார்க்கவில்லை. கூண்டின் மேல்பாதியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பல்லும் மேலே வரும்போது சேறு கட்டியாக நழுவி விழுந்தது. ஓரிடத்தில் மட்டும் விழவில்லை. வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கிப்போய், அந்த இரண்டு பற்களுக்கு நடுவே குச்சியை வைத்துப் பார்த்தார். ஒரு விரற்கடை குறைந்திருந்தது. அந்தப் பல்லை ஒட்டிய மகனைத் திட்டினார்.

கிளம்பும்போது நண்பன் தயங்கித் தயங்கிக் கேட்டான், ஜீப்புக்கு ஒரு ஜோடி செய்ய முடியுமா என்று. எனக்குச் சிரிப்பு வந்தது. பெரியவர் சிரிக்கவில்லை. ஜீப்பை ஒரு சுற்று சுற்றி வந்தார். காய்ந்த களி அப்பியிருந்த மட் டயரை நகத்தால் சுரண்டினார். பின்சக்கரத்தின் பக்கத்தில் குனிந்து போல்ட்டுகளை எண்ணினார்.

“அஞ்சுதான் இருக்கு” என்று சொல்லிவிட்டு, வெல்டிங் கண்ணாடியை முகத்தில் இறக்கிக்கொண்டார்.