குமிழ் இருந்த இடம்

நம் நாட்டில் சின்ன கிராஸ்ஓவருக்கு டேஷ்போர்டு வரையும் யாருக்கும் முதலில் கைக்கு வருவது அந்த நான்கு மீட்டர் கோடுதான். 2006 பட்ஜெட்டில் நான்கு மீட்டருக்கு உட்பட்ட கார்களுக்கு வரி குறைந்தது. இன்றைய ஜிஎஸ்டி வரியிலும் அந்தக் கோடு நிற்கிறது. கார் எவ்வளவு குறுகினாலும் உள்ளே உட்காருபவருக்கு நெருக்கடி தெரியக் கூடாது. டேஷ்போர்டைக் கதவிலிருந்து கதவுக்கு ஒரே கிடைக்கோடாக இழுத்தால் கேபின் அகலமாகத் தோன்றும். கீழ்ப்பாதிக்கு வெளிர் நிறம் கொடுத்தால் காற்றோட்டம் வந்தாற்போல் இருக்கும். மேல்பாதியை மட்டும் கறுப்பாகவே விட வேண்டும். இல்லாவிட்டால் நம் ஊர் வெயிலில் அது முன்கண்ணாடியில் பிரதிபலித்துச் சாலையை மறைக்கும்.

அந்தக் கிடைக்கோட்டின் நடுவில்தான் திரை வந்து நின்றது. எட்டு அங்குலம் பத்தே கால் ஆனபோது கீழே இருந்த ஏசி குமிழ்களுக்கு இடமில்லாமல் போனது. இடம் மட்டும் காரணமில்லை. ஒரு குமிழுக்கு அச்சு வேண்டும், சுவிட்ச் வேண்டும், வயர் வேண்டும், பொருத்த ஆள் வேண்டும். திரைக்குள் வரைந்துவிட்டால் அது மென்பொருள். குமிழ்கள் இல்லாத அந்த வரைபடத்தில் நானும் கையெழுத்துப் போட்டேன். சுத்தமாக, அழகாக இருந்தது. அன்று அதை மனதார நம்பினேன்.

மே மாதம் ஜிஎஸ்டி சாலையில் சோதனை ஓட்டம். ஓட்டியவருக்கு என் அப்பா வயது. செங்கல்பட்டு தாண்டியதும் காற்றைக் கூட்டத் திரையைத் தொட்டார். விரல் ஒரு பள்ளத்தில் குலுங்கிப் பக்கத்துப் படத்தில் பட, மேப் விரிந்தது. இன்னொரு முறை தொட்டார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்: "ஏம்மா, காத்து வேணும்னா நான் ரோட்டப் பாக்கறதா, இதப் பாக்கறதா?"

அறுபது கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விநாடி என்பது 33 மீட்டர். ஓட்டுநர் ஒரு முறை கண்ணை எடுத்தால் இரண்டு விநாடிக்குள் சாலைக்குத் திரும்பிவிட வேண்டும் என்று அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2013-இலேயே வழிகாட்டியிருந்தது. 2022-இல் ஸ்வீடனின் 'வி பீலேகரே' பத்திரிகை பல கார்களை 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, நான்கு சாதாரண வேலைகளைச் செய்யச் சொல்லி நேரம் பார்த்தது. பொத்தான்கள் நிறைந்த 2005-ஆம் வருடத்து வால்வோ பத்து விநாடியில் முடித்தது. தொடுதிரை வைத்த புதிய கார் ஒன்றுக்கு ஏறத்தாழ 45 விநாடி ஆனது. அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

குமிழை வரைவது சின்ன வேலை என்று நினைக்கிறவர்கள் அதைத் திருப்பிப் பார்த்ததில்லை. ஒவ்வொரு படிக்கும் விரலில் ஒரு 'டிக்' விழ வேண்டும். அது மெலிதாக இருந்தால் எத்தனை படி போனோம் என்று தெரியாது. கனமாக இருந்தால் மணிக்கட்டு வலிக்கும். உள்ளே தடவும் கிரீஸ்தான் அந்தச் சுழற்சிக்கு ஒரு நிதானத்தைத் தருகிறது. ஆனால் வெயிலில் நின்ற காரில் அதே கிரீஸ் இளகிக் குமிழ் லொடலொடவென்று ஆகிவிடும். விளிம்பில் வெட்டும் வரிகள் வியர்த்த விரலுக்கும் வழுக்கக் கூடாது. காற்றுக் குமிழும் ஒலிக் குமிழும் தொட்டாலே வேறு வேறு என்று தெரிய வேண்டும். கிளே மாடலில் இடம் குறிக்கும்போது நான் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்காருவேன். ஐந்தடி உயரம் எனக்கு; சீட்டை முன்னால் இழுத்தால்தான் பெடல் எட்டும். என் கையும் தேடாமல் போய் விழ வேண்டும், சீட்டைப் பின்னால் தள்ளி உட்காரும் ஆறடி ஆளின் கையும் போய் விழ வேண்டும்.

திரை மேல் எனக்குப் பகையில்லை. மேப்புக்கும் பின்பக்கக் கேமராவுக்கும் அதைப் போல ஒன்றில்லை. ஆனால் அதன் கண்ணாடி எங்கே தொட்டாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. விரலுக்கு அங்கே அடையாளமே இல்லை.

2026 முதல் யூரோ என்கேப் கார் பாதுகாப்புச் சோதனையில் முழு மதிப்பெண் வேண்டுமென்றால் இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன் போன்ற சிலவற்றுக்குக் கையால் இயக்கும் தனி விசை வேண்டும். எங்கள் கூட்டங்களில் என் வாதத்துக்கு அது பலம் சேர்த்தது.

அடுத்த காரில் காற்றுக்கும் ஒலிக்கும் குமிழ் திரும்ப வந்தது. அதே சாலை, அதே ஓட்டுநர். மகளின் கல்லூரிக் கலந்தாய்வைப் பற்றிப் பேசிக்கொண்டே கையை நீட்டி இரண்டு 'டிக்' திருப்பினார். பேச்சு நிற்கவில்லை. வெப்பநிலை மட்டும் இன்னும் திரைக்குள்ளேதான் இருக்கிறது. இப்போது செய்துகொண்டிருக்கும் கிளேயில் அதற்கும் சேர்த்து இடம் விட்டிருக்கிறேன்.