வால்வு மாற்றிய மறுநாள் பிஸ்டன் தேயுமா?

‘வால்வு மாத்துன பிறகு இன்ஜின்ல கம்ப்ரஷனே இல்ல சார். பிஸ்டன், லைனர் எல்லாம் போயிடுச்சு, மொத்தமா மாத்தணும்னு சொல்றாங்க. என்ன செய்யட்டும்?’ குளிர்காலம் வந்துவிட்டால், உரம், மருந்து பற்றிய கேள்விகளுக்கு நடுவில் இப்படி ஒரு கேள்வியும் என்னிடம் வந்துவிடும். நான் வேளாண்மை அலுவலர், மெக்கானிக் இல்லை. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது பண்ணை இயந்திரங்கள் பற்றி ஒரு பாடம் இருந்தது, அவ்வளவுதான். மீதியெல்லாம் நீலகிரியில் விவசாயிகளின் ஆயில் இன்ஜின் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டது.

சமவெளியில் ஒரு வாரம் பம்ப்செட் நின்றால் பயிர் வாடும். பிறகு தண்ணீர் விட்டுத் தேற்றிவிடலாம். எங்கள் மலையில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நிலைமை வேறு. ஊட்டியைச் சுற்றியுள்ள தாழ்வான இடங்களில் விடியற்காலை வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே இறங்கி, உறைபனி விழும். வெயில் ஏறுவதற்கு முன்பே ஸ்பிரிங்ளரில் தண்ணீர் அடித்துப் பனியைக் கழுவிவிட்டால் பயிர் பிழைக்கும். அன்று காலை இன்ஜின் ஓடவில்லை என்றால், மத்தியானத்துக்குள் உருளைக்கிழங்குச் செடி வெந்நீர் ஊற்றியதுபோல் கருகித் தொங்கிவிடும். கம்ப்ரஷன் போவது மெக்கானிக் பிரச்னை மட்டுமல்ல, பயிர்ப் பிரச்னையும்தான் என்று நான் சொல்வது இதனால்தான்.

செடிக்குக் கேட்கும் கேள்விதான்

நேற்றுவரை நன்றாக இருந்த செடி இன்று மஞ்சளாகிவிட்டது என்று யாராவது இலையைக் கொண்டுவந்தால், நாங்கள் முதலில் நோயைத் தேடமாட்டோம். ‘நேத்து என்ன தெளிச்சீங்க? எவ்வளவு கலந்தீங்க?’ என்றுதான் கேட்போம். திடீரென்று வந்த மாற்றத்துக்குக் காரணம், பெரும்பாலும் கடைசியாகச் செய்த வேலையில்தான் இருக்கும்.

இன்ஜினுக்கும் அதே கணக்குதான். பிஸ்டன் ரிங்கும் லைனரும் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்பவை. புகை கூடும், ஆயில் குறையும், ஸ்டார்ட் செய்ய அதிக நேரம் பிடிக்கும். இப்படிப் பல அறிகுறிகளைக் காட்டிய பிறகுதான் அவை முழுதாகக் கைவிடும். வால்வு, புஷ் ராடு, ராக்கர் மாற்றிய அன்றே கம்ப்ரஷன் மொத்தமாகப் போனால், தேடவேண்டிய இடம் மாற்றிய பாகங்கள்தான். இதற்கு இரண்டு விதிவிலக்குகள் உண்டு. பழைய வால்வு உடைந்து பிஸ்டன் மேல் விழுந்திருந்தாலோ, வால்வு தேய்க்கப் பயன்படுத்தும் கிரைண்டிங் பேஸ்ட் சிலிண்டருக்குள் சிந்தியிருந்தாலோ பிஸ்டன் பக்கமும் அடிபட்டிருக்கலாம்.

கேத்தி பாலாடாவில் பார்த்தது

சில வருடங்களுக்கு முன் பிப்ரவரி முதல் வாரம், கேத்தி பாலாடா பகுதியில் ஒரு விவசாயியின் தோட்டத்துக்குப் போயிருந்தேன். அரை ஏக்கர் கேரட், கால் ஏக்கர் உருளைக்கிழங்கு. கிழங்குச் செடி ஒரு சாண் உயரம் இருந்தது. ஓடையிலிருந்து தண்ணீர் எடுக்க 5 குதிரைத்திறன் ஆயில் இன்ஜின் ஒன்று வைத்திருந்தார். எக்ஸாஸ்ட் வால்வு கருகிப்போனதால் புது வால்வு, புது புஷ் ராடு போட்டிருந்தார்கள். போட்ட நாளிலிருந்து ஹாண்டில் போட்டுச் சுற்றினால் கிணற்று ராட்டினம்போல் லேசாகச் சுற்றியது, ஸ்டார்ட் ஆகவில்லை. லைனர், பிஸ்டன், ரிங் மூன்றையும் மாற்றவேண்டும், இன்ஜினைக் கோவைக்கு இறக்கவேண்டும் என்று வேலை பார்த்தவர் சொல்லிவிட்டார்.

‘அந்தக் காசுக்கு கேரட் மொத்தமும் போயிடும் சார். செயினை வச்சுக்கலாம்னு வீட்டுல சொல்றா’ என்றார் அவர். அவர் மனைவி ஒன்றும் சொல்லாமல் கழுத்தில் கைவைத்தபடி நின்றார். அன்று இரவும் வானம் தெளிவாக இருந்தது. அப்படியென்றால் காலையில் பனி விழும்.

‘அண்ணா, கீழே இறக்குறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் ஒரு சோதனை பண்ணிப் பாக்கலாமா?’ என்று கேட்டேன். பக்கத்துத் தோட்டத்தில் பவர் டில்லர் ஓட்டும் தம்பி ஸ்பேனரோடு வந்தார். ராக்கர் மூடியைத் திறந்து, ராக்கர்களைத் தளர்த்தி, இரண்டு புஷ் ராடையும் வெளியே எடுத்தோம். இப்போது எந்த வால்வையும் அழுத்த ஆள் இல்லை. ஸ்பிரிங் இழுப்பதால் இரண்டும் மூடியே இருக்கும். இந்த நிலையில் ஃபிளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றச் சொன்னேன். முக்கால் சுற்றில் உள்ளே காற்று திமிறிக்கொண்டு சக்கரத்தைப் பின்னால் தள்ளியது. கம்ப்ரஷன் இருந்தது! ரிங்கும் லைனரும் அந்த அளவுக்குக் கெட்டிருந்தால் காற்று இப்படித் திருப்பித் தள்ளாது.

எனில் கோளாறு வால்வுக்கு மேலே, ராக்கர் பக்கம்தான். புஷ் ராடுகளைத் திருப்பிப் போட்டு, பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்திப் பார்த்தோம். இன்லெட் ராக்கர் லேசாக ஆடியது. எக்ஸாஸ்ட் ராக்கர் அசையவே இல்லை. வால்வை அது எப்போதும் கொஞ்சம் அழுத்திப் பிடித்தே வைத்திருந்தது. மூடாத கதவுக்குப் பின்னால் காற்று எப்படித் தங்கும்? ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளியைச் சரிசெய்தோம். நான்காவது சுற்றில் இன்ஜின் பிடித்தது. மறுநாள் விடியற்காலை ஸ்பிரிங்ளர் ஓடியது.

இடைவெளி ஏன் காணாமல் போகிறது?

வேலை பார்த்தவர் டேப்பட் இடைவெளி வைத்துத்தான் இருந்தார். ஆனால் அதன் பிறகு ஹெட் போல்ட்டை மறுபடி இறுக்கியிருக்கிறார். இறுக்கும்போது கேஸ்கட் நசுங்கி ஹெட் கொஞ்சம் கீழே இறங்கும். புஷ் ராடு நீளம் குறையாது. அந்த வித்தியாசம் முழுவதும் ராக்கர் இடைவெளியில் கழிந்துவிடும். எனவே ஹெட்டை இறுக்கும் வேலை முழுதாக முடிந்த பிறகே இடைவெளி வைக்கவேண்டும். பின்னால் எப்போது ஹெட்டை இறுக்கினாலும் இடைவெளியை மறுபடி பார்க்கவேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. வால்வையும் சீட்டையும் தேய்த்து உட்காரவைக்கும்போது வால்வு சீட்டுக்குள் கொஞ்சம் ஆழமாக இறங்கும். அதன் தண்டு அதே அளவுக்கு ராக்கர் பக்கம் நீளும். பழைய அளவிலேயே விட்டால் இடைவெளி இருக்காது. புது புஷ் ராடு பழையதைவிட நீளமாக இருந்தாலும், இன்லெட் ராடும் எக்ஸாஸ்ட் ராடும் மாறிப்போனாலும், ராடின் அடிமுனை டேப்பட் குழியில் உட்காராமல் ஓரத்தில் நின்றாலும் இதே கதைதான். புது வால்வு கைடுக்குள் இறுக்கமாக இருந்தால், திறந்த இடத்திலேயே சிக்கிக்கொள்ளும். ராக்கரைத் தளர்த்திவிட்டு, வால்வுத் தண்டைச் சுத்தியலின் மரக்கைப்பிடியால் அழுத்தி விட்டுப் பாருங்கள். சட்டென்று துள்ளி மேலே வரவேண்டும்.

இடைவெளி மிகக் குறைவாக இருந்தால் இன்னொரு அடையாளமும் தெரியும். காலையில் ஸ்டார்ட் ஆகும். அரை மணி நேரம் ஓடிச் சூடானதும் திணறி நிற்கும். ஆறிய பிறகுதான் மறுபடி பிடிக்கும். எக்ஸாஸ்ட் வால்வு சூட்டில் நீண்டு, இருந்த கொஞ்சம் இடைவெளியையும் தின்றுவிடுவதே இதற்குப் பெரும்பாலும் காரணம். இப்படியே ஓட்டினால் வால்வு மறுபடி கருகும்.

நீங்களே செய்யக்கூடிய வரிசை

1. டீகம்ப்ரஷன் லிவர் முழுதாக விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஹெட்டைக் கழற்றி மாட்டும்போது அது பாதியில் சிக்கி நிற்பதுண்டு.

2. ஃபிளைவீலை ஓடும் திசையில் சுற்றுங்கள். இன்லெட் வால்வு கீழே இறங்கி மேலே ஏறிய பிறகு, பிஸ்டன் உச்சிக்கு வரும் இடம்தான் கம்ப்ரஷன் உச்சி. அங்கே இரண்டு ராக்கரும் லேசாக ஆடவேண்டும். இடைவெளி அளவு இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். உங்கள் இன்ஜினின் அளவைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபீலர் கேஜ் ஒரு நாள் கூலியைவிடக் குறைந்த விலையில் கிடைக்கும்.

3. மேலே சொன்ன புஷ் ராடு சோதனை. கம்ப்ரஷன் திரும்பினால் ராடு, ராக்கர், இடைவெளி, டைமிங் கியர் குறி ஆகியவற்றைப் பாருங்கள். கேம் ஷாஃப்டைக் கழற்றியிருந்தால் கியரில் உள்ள குறிகள் ஒன்றுக்கொன்று நேராக இருக்கவேண்டும். கம்ப்ரஷன் திரும்பவில்லை என்றால் அடுத்த படிக்குப் போகலாம்.

4. புஷ் ராடுகளை மாட்டாமலே, பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, நாசில் துளை அல்லது பிளக் துளை வழியாகக் காற்று செலுத்துங்கள். பஞ்சர் கடை கம்ப்ரஸர் போதும். சீறும் சத்தம் ஏர் ஃபில்டர் பக்கம் கேட்டால் இன்லெட் வால்வு. சைலன்ஸரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங். ஹெட் ஓரத்தில் சோப்பு நுரை குமிழியிட்டாலோ, தண்ணீரில் குமிழி வந்தாலோ கேஸ்கட். காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடவேண்டும். பிஸ்டன் சற்று விலகியிருந்தால் ஃபிளைவீல் திடீரென்று சுற்றும். ஹாண்டிலைக் கழற்றிவிடுங்கள், சக்கரத்தின் பக்கம் கையோ, சேலையோ, மஃப்ளரோ போகக்கூடாது.

5. ரிங் மேல் சந்தேகம் இருந்தால் அதே துளையில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டுச் சுற்றிப் பாருங்கள். கம்ப்ரஷன் கூடினால் ரிங், லைனர் தேய்ந்திருக்கிறது. கூடவில்லை என்றால் வால்வு அல்லது கேஸ்கட். டீசல் இன்ஜினில் பிஸ்டனுக்கு மேலே இடம் மிகக் குறைவு. ஒரு ஸ்பூனுக்கு மேல் ஊற்றாதீர்கள்.

6. ஹெட்டைக் கழற்றவேண்டி வந்தால், வால்வுகளைப் பிரிப்பதற்கு முன் காற்று வரும் வழியிலும் புகை போகும் வழியிலும் மண்ணெண்ணெய் ஊற்றி ஐந்து நிமிடம் வையுங்கள். வால்வு ஓரத்தில் கசிந்தால் சீட் சரியாக உட்காரவில்லை. மறுபடி தேய்த்து, பேஸ்ட் துளியும் இல்லாமல் கழுவி மாட்டவேண்டும்.

தேயிலை அறுவடை இயந்திரம், புல்வெட்டும் இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டும் டூ ஸ்ட்ரோக் இன்ஜின்களில் ராக்கரும் கிடையாது, புஷ் ராடும் கிடையாது. அதில் ‘டேப்பட் செட்டிங்’ என்று யாராவது பில் போட்டால், எந்த இடத்தில் என்று காட்டச் சொல்லுங்கள்.

கேஜ் காட்டும் எண்ணும் மலையும்

கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்து, ‘புத்தகத்துல இருக்கறதைவிட கால் பங்கு கம்மி’ என்று சொல்வார்கள். அந்தப் புத்தகம் பெரும்பாலும் கடல் மட்டத்தை வைத்து எழுதியது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்று மேல்தான். உள்ளே இழுக்கும் காற்றே குறைவு என்பதால், நல்ல இன்ஜினிலும் கேஜ் அதே அளவுக்குக் குறைத்தே காட்டும். புத்தகத்தில் 100 என்றால் கோவையில் சுமார் 95, குன்னூரில் 80, ஊட்டியில் 76 என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறிய பெட்ரோல் இன்ஜின்கள் பலவற்றில், ஸ்டார்ட் செய்யச் சுலபமாக இருக்கட்டும் என்று எக்ஸாஸ்ட் வால்வைத் தானாகவே கொஞ்சம் தூக்கிவிடும் அமைப்பு இருக்கிறது. அவற்றில் கேஜ் இன்னும் குறைவாகக் காட்டும். அந்த இன்ஜின்களுக்குக் கேஜைவிட, 4-வது படியில் சொன்ன காற்றுச் சோதனையே நம்பகமானது.

இதிலேயே இன்னொரு பாடமும் இருக்கிறது. டீசல் இன்ஜினில் பிளக் இல்லை. காற்றை அழுத்தும்போது உண்டாகும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. காற்றும் குறைவு, குளிரும் அதிகம் என்பதால், கோவைப் பட்டறையில் ஓடிக் காட்டும் இன்ஜின் இங்கே விடியற்காலையில் பற்றாமல் போகலாம். சமவெளியில் பொறுத்துக்கொள்ளும் சின்னக் கசிவை மலை பொறுப்பதில்லை. வால்வு வேலை செய்துவந்த இன்ஜினை, உறைபனிக் காலத்துக்கு முன்பே உங்கள் தோட்டத்தில், அதிகாலையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

எல்லா இன்ஜினும் ராக்கரோடு தப்பிவிடும் என்று நான் சொல்லவரவில்லை. ஆயில் ஊற்றும் வாயில் காற்று சீறி, ஒரு ஸ்பூன் ஆயிலுக்குக் கம்ப்ரஷன் கூடினால், ரிங் செலவு உண்மையான செலவு, தள்ளிப்போடாதீர்கள். ஆனால் அந்தச் செலவை, சோதனை சொல்லித்தான் செய்யவேண்டும், ஊகத்தில் செய்யக்கூடாது. பட்டறைக்காரரிடம் சண்டை வேண்டாம். ‘புஷ் ராடை எடுத்துட்டு ஒரு தடவை சுத்திப் பாத்துடலாமுங்களா?’ என்று பக்கத்தில் நின்று பணிவாகக் கேட்டால் போதும். நல்ல மெக்கானிக் யாரும் மறுக்கமாட்டார்.

இன்ஜின் பற்றி நம் இதழுக்குக் கேள்வி எழுதும்போது மூன்று விஷயங்களைச் சேர்த்து எழுதுங்கள்: கடைசியாக என்ன மாற்றினீர்கள், மாற்றிய எத்தனையாவது நாள் கோளாறு வந்தது, காற்று எந்தப் பக்கம் சீறுகிறது. இந்த மூன்றும் தெரிந்தால் பாதிப் பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கும்.