யார் அனுப்பினார்கள்?

ஆய்வகத்தில் இரத்தம் கொடுத்துவிட்டுக் காத்திருந்து வாங்கும் அறிக்கையின் தலைப்பில், நோயாளியின் பெயருக்கும் வயதுக்கும் கீழே ஒரு வரி இருக்கும்: ‘ரெஃப். பை’. அனுப்பிய மருத்துவரின் பெயர் அங்கே அச்சாகியிருக்கும். முடிவு யார் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட வரி அது. அதற்கு இன்னொரு பயனும் உண்டு என்பதை நான் அறிந்தது, முதுகலை முடித்து முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் கிடைக்கும்வரை எர்ணாகுளத்தில் ஒரு ஸ்கேன் மையத்தின் கணக்குப் பிரிவில் எட்டு மாதம் வேலை பார்த்தபோதுதான்.

மாதத்துக்கு இருமுறை அந்த வரியை மட்டும் பிரித்தெடுத்து ஒரு பட்டியல் தயாரிப்போம். அதில் பெயர்கள் இருக்காது, எண்கள் இருக்கும். எந்த எண் எந்த மருத்துவர் என்பது மேலாளருக்கு மட்டுமே தெரியும். ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே எத்தனை எம்.ஆர்.ஐ., எத்தனை சி.டி., எத்தனை இரத்தப் பரிசோதனை, என்ன சதவீதம், மொத்தம் எவ்வளவு என்று நிரப்ப வேண்டும். வவுச்சரில் ‘தொழில்முறைக் கட்டணம்’ என்று எழுதுவோம். பெரிய தொகை காசோலையாகப் போகும்; சிறியது உறையில் போகும். சனிக்கிழமை மாலை ஒரு பையன் உறைகளை எல்லாம் பைக்கில் எடுத்துக்கொண்டு கிளம்புவான்.

சில எண்களுக்கு எதிரே எப்போதும் சுழிதான். அவர்கள் வாங்க மறுத்தவர்கள். வேறு சிலர் பரிந்துரைச் சீட்டின் ஓரத்திலேயே ‘நோயாளிக்குக் குறைத்துக் கொடுக்கவும்’ என்று எழுதி அனுப்புவார்கள். அந்த நோயாளிகளுக்குக் கழிவு கிடைத்தது. சுழிக்காரர்கள் அனுப்பியவர்களோ முழுக் கட்டணத்தையும் கட்டினார்கள். மறுக்கப்பட்ட உறை மையத்தின் லாபத்தில் சேர்ந்தது. மருத்துவரின் நேர்மையால் நோயாளிக்கு ஒரு ரூபாய்கூட மிச்சமாகவில்லை என்பது அந்த வயதில் எனக்கு உறுத்தவில்லை. தட்டச்சு செய்தேன், சம்பளம் வாங்கினேன். இதை எழுதும்போது அதையும் எழுதிவிட வேண்டும்.

நான் இப்போது ஆய்வு செய்வது கொச்சித் துறைமுகத்தின் தரகர்களைப் பற்றி. மட்டாஞ்சேரியில் பிறந்தவளுக்கு அது தூரத்துப் பொருளன்று. தென்காசிப் பக்கத்திலிருந்து மூட்டை சுமக்க வந்த தாத்தா பஜார் ரோட்டிலேயே வாழ்ந்து முடித்தார். அப்பா அதே தெருவில் ஒரு மிளகுத் தரகரிடம் நாற்பதாண்டுகள் கணக்கு எழுதினார். இடுக்கியிலிருந்தும் வயநாட்டிலிருந்தும் சரக்கு வரும். தரகர் கைப்பிடி மிளகை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்து விலை சொல்லுவார். யூதத் தெருவில் 1957-இல் மிளகின் முன்பேர வணிகத்துக்குச் சந்தை அமைந்தபோதும் ஊடே நின்றவர்கள் தரகர்கள்தாம். இந்த ஊரில் தரகு ஒரு வசைச்சொல்லாக இருந்ததே இல்லை. ஏனென்றால் அப்பா எழுதிய சீட்டில் தரகு தனி வரியாக இருக்கும்; விற்றவரும் வாங்கியவரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் பணத்தை எண்ணுவார்கள். தமிழ்நாட்டு மாட்டுச் சந்தைகளில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும் வழக்கத்தை ஒரு முறை அப்பாவிடம் சொன்னேன். “வேடிக்கை பாக்குறவனுக்குத்தானே அது மறைவு? மாட்டுக்காரனுக்கு வெலை தெரியுமில்ல?” என்றார். மருத்துவப் பரிந்துரையில் பணம் கட்டுபவருக்குத் துண்டு ஒன்று விரிக்கப்பட்டிருப்பதே தெரியாது.

அம்மாவுக்கு இடுப்புவலி வந்தபோதுதான் இந்த விஷயம் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது. கருவேலிப்படிப் பக்கம் சிறிய மருத்துவமனை வைத்திருக்கும் மருத்துவர் ஒருவரிடம் இருபதாண்டுகளாகப் போய்க்கொண்டிருந்தோம். எனக்குச் சின்னம்மை வந்தபோது வீட்டுக்கே வந்து பார்த்தவர். அவர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லி, ஒரு மையத்தின் பெயரையும் எழுதிக் கொடுத்தார். சீட்டுப் பணத்திலிருந்து ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய் கட்டினோம். வட்டு பிதுங்கியிருப்பதாக அறிக்கை வந்தது. பிறகு அரசு மருத்துவமனையில் பார்த்த இளம் மருத்துவர், காலில் பலவீனமோ சிறுநீர்த் தடையோ இல்லாதபோது ஆறு வாரம் உடற்பயிற்சி செய்துவிட்டு, தேவைப்பட்டால் அதன் பிறகே ஸ்கேன் எடுத்திருக்கலாம் என்றார். அவர் சொன்னது பாடநூல் கருத்து. ஆனால் எங்கள் மருத்துவர் அம்மாவின் உடம்பை இருபதாண்டுகளாக அறிந்தவர். பாடநூலுக்கு வெளியே அவருக்கு ஏதோ தோன்றியிருக்கலாம். அந்த ஸ்கேன் தேவைப்பட்டதா என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது.

“அந்த டாக்டருக்கு இதுல எவ்ளோ?” என்று கேட்டவர் அப்பா. பொறாமையோ கோபமோ இல்லாமல், சீட்டில் விடுபட்ட வரியைத் தேடுகிற கணக்கர் குரலில் கேட்டார். நான் வேலை பார்த்த மையம் அதுவன்று. என்றாலும் அந்த இரவு என் நினைவில் பழைய பட்டியல்தான் ஓடிக்கொண்டிருந்தது. எதிரே சுழி இருந்த எண்களில் ஒன்றாக அவர் இருந்திருப்பார் என்று நம்ப விரும்பினேன். அப்படி நம்புவதற்கும் நம்பாமல் இருப்பதற்கும் என்னிடம் ஒரே அளவு ஆதாரந்தான் இருந்தது.

ஒரு மாதம் கழித்து அவரிடமே கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. அங்கே படம் பார்த்து எழுதுகிற மருத்துவரின் கண் நல்ல கண், அதனால் அனுப்புகிறேன் என்று மலையாளத்தில் நிதானமாகச் சொன்னார். பிறகு, நான் எதுவும் வாங்குவதில்லை என்று சொன்னால் நீ எதை வைத்து நம்புவாய் என்று கேட்டார். வாங்குகிறவரும் இதே வார்த்தைகளைத்தானே சொல்லுவார் என்றார். அன்று ஆலோசனைக் கட்டணமும் வாங்கவில்லை. அது என்னை இன்னும் சங்கடப்படுத்தியது.

இந்த நிலைக்குச் சட்டத்தில் ஓர் ஓட்டை காரணம் என்று பிறகு புரிந்தது. இந்திய மருத்துவக் கழகம் 2002-இல் வெளியிட்ட நடத்தை விதிகளின் 6.4 பிரிவு, நோயாளியை அனுப்புவதற்காக மருத்துவர் கமிஷனோ பரிசோ கொடுப்பதையும் கேட்பதையும் பெறுவதையும் தடைசெய்கிறது. பரிசோதனைக்கு மாதிரிகளை அனுப்புவதற்கும் அது பொருந்தும். ஆனால் அந்த விதிகள் கட்டுப்படுத்துவது மருத்துவரை. உறையைத் தயார் செய்கிற மருத்துவமனையும் ஸ்கேன் மையமும் மருத்துவப் பேரவைகளின் கைக்கு எட்டாத இடத்தில் நிற்கின்றன. அது மட்டுமன்றி, தடைசெய்த விதி எதையும் வெளியிடச் சொல்லவில்லை. தடைசெய்யப்பட்ட ஒன்றை யார்தான் தாமாக முன்வந்து வெளியிடுவார்கள்?

ஆகவே வெளியே வந்தவை எல்லாம் விபத்துப் போல வந்தவைதாம். மகாராஷ்டிரத்தின் மஹாட் என்ற சிற்றூரில் தேள்கடிக்கு மருத்துவம் கண்டு உலகப் புகழ் பெற்ற மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர். 2022-இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். ஒரு நோயாளியை ஸ்கேனுக்கு அனுப்பியதற்காக அவருக்கு 1,200 ரூபாய்க்கு ஒரு காசோலை வந்தது. அதன்மேலும் ‘தொழில்முறைக் கட்டணம்’ என்றே குறிக்கப்பட்டிருந்தது. அவர் மாநில மருத்துவப் பேரவையில் புகார் கொடுத்ததால் நமக்குத் தெரிந்தது. 2014-இல் மும்பையின் கோகிலாபென் திருபாய் அம்பானி மருத்துவமனையின் திட்டம் ஒன்று வெளியானது. ஆண்டுக்கு 40 நோயாளிகளை அனுப்பினால் ஒரு லட்சம் ரூபாய், 50 பேருக்கு ஒன்றரை லட்சம், 75 பேருக்கு இரண்டரை லட்சம் என்று அதில் இருந்தது. செய்தி பரவியதும் திட்டம் கைவிடப்பட்டது. என்னைப் பொறுத்தவரை அதில் வியப்பூட்டியது தொகையன்று. அது அச்சடித்த தாளில் இருந்ததுதான்.

2017-இல் பெங்களூருவில் செயற்கைக் கருத்தரிப்பு மையங்களிலும் பரிசோதனை மையங்களிலும் சோதனை நடத்திய வருமான வரித் துறை, எம்.ஆர்.ஐ.க்கு 35 சதவீதமும் சி.டி.க்கும் ஆய்வகப் பரிசோதனைகளுக்கும் 20 சதவீதமும் பரிந்துரைத்த மருத்துவர்களுக்குப் போவதாக அறிவித்தது. கணக்கில் அது சந்தைப்படுத்தல் செலவு. அதைப் படித்தபோது என் எட்டு மாதத் தட்டச்சுக்கு யாரோ சான்றொப்பம் இட்டதுபோல இருந்தது. அதே ஆண்டு மும்பையின் ஏஷியன் ஹார்ட் இன்ஸ்டிடியூட், மருத்துவர்களுக்குக் கமிஷன் தருவதில்லை என்று விமான நிலையம் அருகே விளம்பரப் பலகை வைத்தது. இந்திய மருத்துவச் சங்கம் அதை எதிர்த்தது. தொழிலையே இழிவுபடுத்துவதாக அவர்கள் கருதினார்கள். ‘நான் கொடுப்பதில்லை’ என்று ஒருவர் சொன்னாலே மற்றவர்களைக் குற்றம் சாட்டியதாகிவிடுகிறது. எங்கள் மருத்துவர் என்னிடம் கேட்ட கேள்வியின் மறுபக்கம் இது.

இன்னொரு முரணையும் சொல்ல வேண்டும். மறைவு என்கிறோமே, அரசிடம் இதில் ஒரு பகுதி ஏற்கெனவே இருக்கிறது. காசோலையாகப் போகும் ‘தொழில்முறைக் கட்டண’த்துக்கு மூலத்திலேயே வரி பிடிக்கப்பட்டு, பெறுபவரின் நிரந்தரக் கணக்கு எண்ணோடு வரித் துறைக்குப் போய்ச் சேர வேண்டும். மருத்துவர்களுக்குக் கொடுத்த கமிஷனைச் செலவாகக் கழித்துக்கொள்ள ஒரு ஸ்கேன் நிறுவனம் கோரிய வழக்குப் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் வரை போனது, கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. மருந்து நிறுவனங்கள் மருத்துவர்களுக்குத் தரும் இலவசங்களைப் பற்றி, சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகப் போன அபெக்ஸ் லேபரட்டரீஸ் வழக்கில் 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது: சட்டம் தடைசெய்ததைச் செலவுக் கணக்கில் காட்ட முடியாது. இவை எல்லாம் கருவூலத்துக்கு வர வேண்டிய வரியைப் பற்றிய தீர்ப்புகள். ஏழாயிரத்து ஐந்நூறு கட்டியவர் அந்த வழக்குகளில் ஒரு தரப்பாக இருந்ததில்லை.

பிரிட்டனில் வேறு வழியில் போனார்கள். அங்கே தனியார் மருத்துவமனைச் சந்தையை ஆராய்ந்தபின், போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் 2014-இல் ஓர் ஆணை பிறப்பித்தது. நோயாளிகளை அனுப்பத் தூண்டும் திட்டங்களைத் தடைசெய்ததோடு அது நிற்கவில்லை. பரிந்துரைக்கும் மருத்துவர்களுக்கு மருத்துவமனை என்ன சேவைகளைத் தருகிறது, மருத்துவமனையில் அவர்களுக்கு என்ன பங்கு இருக்கிறது என்பதை மருத்துவமனையே தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்றது. கடமை கொடுப்பவர்மேல் வைக்கப்பட்டது எனக்கு முக்கியமாகப் படுகிறது. வலியில் துடிப்பவர் இணையதளத்தைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார், உண்மை. மருத்துவர் வாய்மொழியாகத் தன் ஆதாயத்தைச் சொல்லிவிட்டால் போதும் என்பதும் ஆபத்தானது. கெய்ன், லோவன்ஸ்டைன், மூர் ஆகிய மூவரும் 2005-இல் வெளியிட்ட சோதனையில், ஆதாயத்தை அறிவித்துவிட்ட ஆலோசகர்கள் முன்னைவிடக் கூடுதலாகச் சாய்வு காட்டினார்கள்; சொல்லிவிட்டோமே என்ற துணிச்சல். ஆனால் பொதுவெளியில் ஒரு பதிவேடு இருந்தால் அதை நோயாளி படிக்க வேண்டியதில்லை. பத்திரிகையாளர் படிப்பார், போட்டி மருத்துவமனை படிக்கும், என்னைப் போல வேறு வேலையில்லாத ஆய்வு மாணவர் படிப்பார். சுழிக்காரர் தம் சுழியைக் காட்ட ஓர் இடமும் இருக்கும்.

கேரளத்தில் பாதிக் கதவு திறந்திருக்கிறது. 2018-இல் இயற்றப்பட்ட மருத்துவ நிறுவனங்கள் பதிவு, ஒழுங்குமுறைச் சட்டம், கட்டண விகிதங்களை மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் மக்கள் பார்வையில் வைக்கச் சொல்கிறது. தனியார் மருத்துவமனைகளின் சங்கமும் இந்திய மருத்துவச் சங்கமும் எதிர்த்து வழக்காடின. 2025 ஜூனில் தனி நீதிபதியும், நவம்பரில் இரு நீதிபதிகள் அமர்வும் சட்டத்தை உறுதிசெய்தன. நல்ல தீர்ப்பு. அந்தப் பலகையில் நோயாளி கட்டுகிற தொகை இருக்கும். அதிலிருந்து எவ்வளவு எங்கே போகிறது என்பதற்கு அங்கே பத்தி இல்லை. அதற்கும் ஒரு பத்தி வேண்டும் என்று கேட்பதற்கு இந்தத் தீர்ப்புக்குப் பின் தயக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன். தரகுக்குத் தனி வரி வைத்து எழுதிய தெருவிலிருந்து அந்தக் கோரிக்கை எழுந்தால் பொருத்தமாகவும் இருக்கும்.

போன மாதம் அப்பாவுக்குச் சர்க்கரை பார்க்க ஓர் ஆய்வகத்துக்குப் போனோம். சுவரில் கட்டணப் பலகை புதிதாகத் தொங்கியது. அப்பா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு மேலிருந்து கீழே முழுவதும் படித்தார். முகப்பில் இருந்த பெண் பெயர், வயது கேட்டுவிட்டு, எந்த டாக்டர் அனுப்பினார் என்று கேட்டாள்.

“ஆரும் அனுப்பலம்மா. நானே வந்தேன்.”

அவள் ‘செல்ஃப்’ என்று தட்டச்சு செய்தாள். ரசீது வந்தது. அப்பா அதைப் பலகையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு ரூபாய் வித்தியாசமில்லை. யாரும் அனுப்பாமல் வந்தவருக்கும் அதே தொகைதான்.